இல்லத்தில் கம்பியில்லா விளக்குகள்: எங்கே தொடங்குவது?

விளக்கு ஓரிடத்திலும் அதனை ஏற்றும் சுவிட்சு வேறோரிடத்திலுமாக அமைந்திருப்பது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அறைக் கதவின் ஓரத்தில் சுவிட்சு இருக்கும். கட்டிலோ மறு கோடியில் கிடக்கும். பின்னிரவில் எழும் மூதாட்டி சுவரைத் தடவியபடியே நடந்து, தாழ்வாரத்தைக் கடந்து, படி இறங்கி, கழிப்பறைக்கோ ஒளூச் செய்யும் இடத்துக்கோ போய்ச் சேரவேண்டும். உறங்குகிற பேரப்பிள்ளைகள் விழித்துவிடக் கூடாதே என்று கைக்கெட்டிய சுவிட்சைக்கூடப் போடாமல் இருட்டிலேயே நடக்கும் உம்மாமார்களை நாம் அறிவோம். இரவில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு படுக்கையோடு படுக்கையாகிப் போன முதியவர் இல்லாத தெரு நம் ஊர்களில் உண்டா?

இந்தப் பத்தடித் தொலைவைக் கடக்க உதவும் ஏற்பாடு ஒன்று இப்போது சாதாரணக் குடும்பத்தின் கைக்கும் எட்டியிருக்கிறது. கம்பியில்லா விளக்குக் கட்டுப்பாடு என்று அதனைச் சொல்லலாம். கட்டிலின் கீழே காலை ஊன்றியதும் மங்கலான வெளிச்சம் தானே எரியும்; ஆள் திரும்பி வந்து படுத்ததும் தானே அணையும். சுவரை உடைத்துப் புதிய கம்பி இழுக்க வேண்டியதில்லை. வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வரும் பிள்ளைகள் இத்தகைய பல்புகளைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவருவதும், இரண்டு வாரம் வீடே வியந்து பார்ப்பதும், அவர்கள் விமானம் ஏறிய பின்னர் அவை வெறும் பல்புகளாகிவிடுவதும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. எங்கே தொடங்குவது என்பதில் சிறிது கவனம் செலுத்தினால் இந்த வீண்செலவு நேராது.

இந்த எண்ணம் புதியதன்று. 1975இல் ஸ்காட்லாந்தின் கிளென்ராத்தஸ் நகரிலிருந்த பிகோ எலக்ட்ரானிக்ஸ் என்னும் நிறுவனம் 'எக்ஸ்-10' என்ற முறையை உருவாக்கிற்று. அது வீட்டின் மின்கம்பி வழியாகவே கட்டளைகளை அனுப்பியது. ஒரே மின்மாற்றியின் கீழிருக்கும் அண்டை வீட்டுக்கும் சில வேளைகளில் அந்தக் கட்டளை கசிந்து, ஒருவர் அழுத்த மற்றவர் வீட்டு விளக்கு எரிந்த வேடிக்கைகளும் உண்டு. பின்னர் வானொலி அலைகளின் காலம் வந்தது. டென்மார்க்கில் பிறந்த 'இஸட்-வேவ்', 2004இல் விதிமுறை வகுக்கப்பட்ட 'ஜிக்பீ' ஆகிய இரண்டும் வீட்டுக்குள் குறைந்த மின்சாரத்தில் பேசிக்கொள்ளும் வழிகளாயின. தேனீக்கள் வளைந்து நெளிந்து ஆடித் தம் கூட்டத்துக்குச் செய்தி சொல்வதை வைத்தே ஜிக்பீ என்ற பெயர் வந்தது. 2012 அக்டோபரில் பிலிப்ஸ் நிறுவனம் 'ஹியூ' என்னும் பெயரில் மூன்று பல்புகளும் ஓர் இணைப்புப் பெட்டியும் கொண்ட தொகுப்பை 199 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2014இல் ஷாங்காய் நகரின் எஸ்பிரெசிஃப் நிறுவனம் மிக மலிவான வைஃபை சில்லு ஒன்றை வெளியிட்டது. அதன் பின்னரே விலை சரிந்தது. இன்று ஆயிரம் ரூபாய்க்கும் குறைந்த விலையில் வைஃபை பல்பு நம் கடைத்தெருவிலேயே கிடைக்கிறது.

எல்.ஈ.டி. விளக்கு வந்திராவிட்டால் இவை எதுவும் இவ்வளவு எளிதாகியிராது. பழைய குண்டு பல்பு வெறும் இழை; கொதிக்கும் கண்ணாடிக் கூட்டுக்குள் மின்னணுச் சில்லு எதுவும் பிழைக்காது. எல்.ஈ.டி. பல்போ தன் கழுத்துக்குள் ஏற்கெனவே ஒரு சிறு மின்சுற்றைக் கொண்டிருக்கிறது. அதன் அருகில் வானொலிச் சில்லு ஒன்றையும் உட்காரவைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

பல்பா, சுவிட்சா?

தொடங்குபவர்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது இதுதான். அறிவு பல்புக்குள் இருக்கவேண்டுமா, சுவிட்சுக்குள் இருக்கவேண்டுமா?

பல்பை வாங்கி மாட்டுவது எளிது. எலக்ட்ரீசியன் தேவையில்லை, வாடகை வீட்டிலும் செய்யலாம், வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போகலாம். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சுவரிலுள்ள சுவிட்சு எந்நேரமும் போட்ட நிலையிலேயே இருக்கவேண்டும். சுவிட்சை அணைத்தால் பல்புக்கு மின்சாரம் போகாது. மின்சாரம் போகாத பல்பு கைபேசியின் கட்டளையைக் கேட்காது. நம் வீடுகளிலோ அறையைவிட்டு வெளியேறும்போது சுவிட்சைத் தட்டி அணைப்பது பல்லாண்டுப் பழக்கம். விளக்கை வீணாக எரியவிடக் கூடாது என்று பிள்ளைகளை அதட்டி வளர்த்த உம்மாவிடம், "சுவிட்சைத் தொடாதீங்க உம்மா, அது எந்நேரமும் போட்டே இருக்கணும்" என்று மகன் சொன்னால் அவர் என்ன நினைப்பார்? சுவிட்சின்மேல் காகிதப் பட்டை ஒட்டி 'தொடாதே' என்று எழுதிவைத்திருக்கும் வீடுகளும் உண்டு. சொந்த வீட்டின் சுவிட்சைத் தொடக் கூடாது என்று வீட்டின் மூத்தவருக்கே கட்டளையிடும் ஏற்பாடு நல்ல ஏற்பாடாக இருக்கமுடியாது என்பதே என் கருத்து.

ஆகவே, குடும்பத்தார் பலரும் புழங்கும் கூடம், சமையற்கட்டு, மாடிப்படி ஆகிய இடங்களுக்குச் சுவிட்சின் பின்னால் பொருத்தும் கருவியே ஏற்றது. தீப்பெட்டியளவு இருக்கும் 'மாட்யூல்' ஒன்றைச் சுவிட்ச் போர்டுக்குள் வைத்து, பழைய சுவிட்சின் கம்பியை அதனோடு இணைத்துவிடுவார்கள். பின்னர் பழைய சுவிட்சும் வேலை செய்யும். கைபேசியும் வேலை செய்யும். நேரக் கணக்கும் வேலை செய்யும். மாட்டியிருக்கும் பல்பு எந்தச் சாதாரணப் பல்பாகவும் இருக்கலாம். விருந்தினர் ஒருவர் வந்து எதையும் கேட்காமல் சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரியும். வீட்டுக்குள் வரும் எந்தப் புதிய கருவியும் இந்த ஒரு பரீட்சையில் தேறவேண்டும்.

இந்த மாட்யூலுக்கு நியூட்ரல் கம்பி வேண்டும். விளக்கு அணைந்திருக்கும்போதும் மாட்யூல் விழித்திருக்க வேண்டுமாகையால் அதற்குச் சிறிது மின்சாரம் தொடர்ந்து தேவை. சாதாரணச் சுவிட்சுக்கோ ஃபேஸ் கம்பி மட்டும் போதும். நம் நாட்டில் ஒரு வசதி இருக்கிறது: பெரும்பாலான சுவிட்ச் போர்டுகளில் பிளக் சாக்கெட்டும் சேர்ந்தே இருக்கும், சாக்கெட்டுக்கு நியூட்ரல் வந்தே ஆகவேண்டும். ஆகையால் சாக்கெட் உள்ள போர்டைத் தேர்ந்தெடுத்தால் வேலை எளிது. படிக்கட்டின் நடுவிலோ குளியலறை வாசலிலோ தனியாக நிற்கும் ஒற்றைச் சுவிட்சில் நியூட்ரல் இல்லாமல் போகலாம். நியூட்ரல் இல்லாமலே இயங்கும் வகைகளும் விற்கின்றன. அவை விளக்கின் வழியாகவே சிறிது மின்னோட்டத்தைக் கசியவிட்டுத் தமக்கு உணவு தேடிக்கொள்கின்றன. அதனால் அணைத்த பின்னரும் எல்.ஈ.டி. பல்பு மினுக்மினுக்கென்று மங்கலாக எரிவதுண்டு. விளக்குக்கு இணையாகச் சிறு கெப்பாசிட்டர் ஒன்றைப் பொருத்தினால் பெரும்பாலும் அது நின்றுவிடும்.

மாடிப்படிக்கு மேலும் கீழுமாக இரு சுவிட்சு உள்ள 'டூ-வே' அமைப்பு என்றால், அதற்கேற்ற மாட்யூலா என்று கேட்டு வாங்கவேண்டும். மோட்டார், வாட்டர் ஹீட்டர் போன்ற பெரிய சுமைகளை விளக்குக்கான சிறு மாட்யூலில் ஒருபோதும் இணைக்கக் கூடாது. மின்விசிறியை விளக்கு மங்கலாக்கும் கருவியோடு இணைப்பதும் தவறு. பழைய ரெகுலேட்டர் உள்ள புள்ளியில் கம்பியில்லாப் பல்பை மாட்டுவதும் தவறு. இந்த வேலையை எலக்ட்ரீசியனிடமே விடுங்கள், அவர் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு டெஸ்டரால் சோதித்த பின்னரே கைவைக்கிறாரா என்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

எந்த அலை?

வைஃபை, ஜிக்பீ, இஸட்-வேவ், புளூடூத் என்று நால்வகை அலைமொழிகள் கடைகளில் இருக்கின்றன. ஐந்தாறு கருவிகளோடு நின்றுவிடப் போகிறவர்களுக்கு வைஃபை போதும். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ரௌட்டரே அதற்குத் துணை. புதிதாக இணைக்கும்போது பலரும் ஓரிடத்தில் தடுமாறுவார்கள்: இத்தகைய பல்புகளுள் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் மட்டுமே பேசும். கைபேசியோ 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கும். பல்பு கெட்டுப்போய்விட்டது என்று எண்ணிக் கடைக்கு ஓடுமுன், ரௌட்டரில் 2.4 வரிசைக்குத் தனிப்பெயர் கொடுத்துக் கைபேசியை அதில் இணைத்துப் பார்க்கவேண்டும்.

வீடு முழுதும் செய்ய நினைப்பவர்களுக்கு ஜிக்பீ நல்லது. இதற்கு இணைப்புப் பெட்டி ஒன்று தனியாக வாங்கவேண்டும். ஆயினும் இதன் சிறப்பு ஒன்று நம் ஊர்ப் பழைய வீடுகளுக்கு மிகவும் பொருந்தும். கனத்த செங்கற்சுவரும் சுண்ணாம்புக் காரையும் உள்ள வீட்டில் எந்த அலையும் இரண்டு சுவரைத் தாண்டுமுன் களைத்துப்போகும். ஜிக்பீயில் மின்சாரத்தில் இயங்கும் ஒவ்வொரு கருவியும் தனக்கு வந்த செய்தியை அடுத்த கருவிக்குக் கைமாற்றிவிடும். வாசலிலிருந்து கூடம், கூடத்திலிருந்து தாழ்வாரம், தாழ்வாரத்திலிருந்து கொல்லை என்று செய்தி தாண்டித் தாண்டிப் போகும். பேட்டரியில் இயங்கும் கருவிகள் இந்தத் தொண்டைச் செய்யமாட்டா. தம் பேட்டரியைக் காத்துக்கொள்ள அவை பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருக்கும். நடுவிலிருக்கும் பல்பு ஒன்றை யாரேனும் சுவர்ச் சுவிட்சில் அணைத்துவிட்டால் சங்கிலி அறுந்து, கொல்லை விளக்கு கேளாக்காதாகிவிடும். சுவிட்சின் பின்னால் பொருத்தும் முறையை நான் பரிந்துரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெளிநாட்டிலிருந்து வாங்கி வருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இஸட்-வேவ் கருவிகள் நாட்டுக்கு நாடு வேறு வேறு அலையில் இயங்குபவை. அமெரிக்காவில் 908 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 868, இந்தியாவில் 865. அங்கு வாங்கியது இங்குள்ள பெட்டியோடு பேசாது. அமெரிக்கப் பல்பு 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் மாட்டினால் புகைந்துபோகும். பல்பின் அடிப்பகுதியையும் பார்க்கவேண்டும். நம் வீட்டு ஹோல்டர்கள் பெரும்பாலும் இரு முளைகளை அழுத்தித் திருப்பும் பி-22 வகை. வெளிநாட்டுப் பல்புகளில் பல திருகி மாட்டும் இ-27 வகை. மாற்றி மாட்ட உதவும் அடாப்டர் மலிவாகக் கிடைக்கிறது என்பது உண்மையே. ஆனால் மேலும் ஓர் அங்குலம் நீளும் பல்பு கண்ணாடிக் கூட்டுக்குள் அடங்காது போகலாம்.

2022 அக்டோபரில் 'மேட்டர்' என்னும் பொதுமொழியின் முதல் வடிவம் வெளியாயிற்று. ஆப்பிள், கூகுள், அமேசான், சாம்சங் ஆகிய போட்டி நிறுவனங்கள் ஒரே மேசையில் அமர்ந்து ஒப்புக்கொண்ட விதிமுறை இது. இந்தக் குறியுள்ள விளக்கு எந்த நிறுவனத்தின் செயலியோடும் பேசும், வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும், இணையம் அறுந்தாலும் வேலை செய்யும். இரண்டு பொருள்கள் ஒரே விலையில் இருந்தால் மேட்டர் குறியுள்ளதையே எடுங்கள்.

முதல் விளக்கு

தொடக்கத்திலேயே பதினைந்து பல்புகள் வாங்குவது வேண்டாம். வீட்டில் மிக ஆபத்தான இருட்டு எங்கே இருக்கிறதென்று ஒரு வாரம் கவனியுங்கள். பெரும்பாலும் அது முதியவரின் கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் இடையிலுள்ள வழியாகவே இருக்கும். அங்கே ஒரு விளக்கும் ஓர் அசைவு உணரியும் வைத்து ஒரு மாதம் பழகிப் பாருங்கள்.

அசைவு உணரி என்பது உடல் வெப்பத்தைக் காணும் சிறு கண். அதில் கேமரா எதுவும் இல்லை. வெதுவெதுப்பான உருவம் ஒன்று தன் முன்னே நகர்ந்தால் அது அறியும். இதனைச் சுவரில் உயரமாக மாட்டாமல், கட்டிலின் காலருகே முழங்காலுக்கும் தாழ்வாக வைத்தால், படுக்கையில் புரள்வதற்கெல்லாம் விளக்கு எரியாது. கால் தரையில் படும்போது மட்டும் எரியும். வீட்டுப் பூனையும் அதற்கு ஆள்தான் என்பதை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். விளக்கின் ஒளியைப் பத்து முதல் இருபது விழுக்காட்டுக்குக் குறைத்து, 2,700 கெல்வினுக்கும் குறைவான மஞ்சள் நிறத்தில் வைக்கவேண்டும். நடு இரவில் வெள்ளொளி கண்ணில் அறைந்தால் முதியவர் தடுமாறுவார்; மீண்டும் படுத்தாலும் உறக்கம் வராது.

இந்த உணரிக்கு இரு குறைகள் உண்டு. முதலாவது, வெப்ப வேறுபாட்டை நம்பி இயங்குவதால், சுற்றுப்புறச் சூடு உடற்சூட்டை நெருங்கும்போது அதன் பார்வை மங்கும். சித்திரை, வைகாசிப் பகல்களில் மொட்டை மாடி அறையில் அது ஆளைக் காணாமல் விழிப்பது இதனால்தான். இரவில் இந்தத் தொல்லை குறைவு. இரண்டாவது, அசையாதிருப்பவர் அதன் கண்ணுக்கு இல்லாதவரே. குளியலறையில் இருப்பவர்மேலும், ஓதிக்கொண்டு அமர்ந்திருப்பவர்மேலும் திடீரென்று இருள் கவிழும். ஒரு நிமிடத்தில் அணையும்படி கடையில் அமைத்துத் தருவதைப் பத்து நிமிடமாக மாற்றிக்கொண்டால் இது பெரும்பாலும் தீரும். ரேடார் அலையால் மூச்சின் அசைவைக்கூட அறியும் புதிய உணரிகளும் வந்துள்ளன, விலை கூடுதல்.

வாசல் விளக்குக்கு உணரி வேண்டாம். நேரக் கணக்கே போதும். ஆனால் மாலை ஆறு மணி என்று நிலையாக வைத்துவிடாதீர்கள். சென்னையில் நவம்பர் நடுவில் சூரியன் 5.40 வாக்கிலேயே மறைகிறது. ஜூலைத் தொடக்கத்தில் 6.40 வாக்கில்தான் மறைகிறது. ஏறத்தாழ ஒரு மணி நேர வேறுபாடு! நல்ல செயலிகள் யாவும் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொண்டு அன்றாட மறைவு நேரத்தைத் தாமே கணக்கிடும். 'மறைவுக்குப் பத்து நிமிடம் முன்' என்று ஒருமுறை அமைத்துவிட்டால், மஃரிபுக்குப் புறப்படுகிறவர் ஆண்டு முழுதும் வெளிச்சமான வாசலைத் தாண்டுவார். அதேபோல் நோன்பு மாதத்தில் சஹர் நேரத்துக்குச் சமையற்கட்டு விளக்கு மெல்ல மெல்லப் பிரகாசமாகும்படி அமைக்கலாம். அந்த நேரமும் நாளுக்கு நாள் நகருமாகையால், விடியலைக் கணக்கிட்டு அதற்கு இத்தனை நிமிடம் முன் என்று வைப்பதே முறை.

மின்வெட்டும் மின்கட்டணமும்

வெளிநாட்டில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் நமக்குச் சொல்லாத ஒன்று மின்வெட்டு. நள்ளிரவில் மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது, இத்தகைய பல்புகளுள் பல முழு ஒளியோடு எரியத் தொடங்கும். இரவு இரண்டு மணிக்குப் படுக்கையறை விளக்குகள் அத்தனையும் ஒன்றாகப் பளிச்சிட்டால் கைக்குழந்தையுள்ள வீட்டின் கதி என்ன? செயலியின் அமைப்புப் பகுதியில் 'மின்சாரம் திரும்பும்போது என்ன செய்யவேண்டும்' என்றொரு வினா இருக்கும். அதில் 'முன்பிருந்த நிலை' என்பதைத் தேர்ந்தெடுக்கவேண்டும். இந்த வசதி இல்லாத பல்பை வாங்காதீர்கள். விளக்கு இன்வெர்ட்டரில் இருந்து, ரௌட்டரும் இணைப்புப் பெட்டியும் இல்லாமல் போனாலும் பயனில்லை. அவற்றையும் இன்வெர்ட்டர் வரிசையில் சேர்க்கவேண்டும்.

மின்கட்டணம் பெரிதும் குறையும் என்று விற்பனையாளர் சொல்வார். கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். அணைந்திருக்கும் கம்பியில்லாப் பல்பு ஒன்று கட்டளைக்காகக் காத்திருக்கையில் சுமார் அரை வாட் வரை உண்ணும். அத்தகைய 20 பல்புகள் நாளொன்றுக்கு 20 மணி நேரம் அணைந்திருந்தால் 200 வாட்-மணி. 60 நாளில் 12 யூனிட். எதிர்ப்புறம், 9 வாட் எல்.ஈ.டி. பல்பு ஒன்றை மறந்து பத்து மணி நேரம் எரியவிட்டால் 90 வாட்-மணி. பதினோரு இரவு மறந்தால்தான் ஒரு யூனிட் ஆகும். அப்படியானால் மிச்சம் எங்கே? 60 வாட் குண்டு பல்பைக் கழற்றி 9 வாட் எல்.ஈ.டி. மாட்டியதில்தான் பெரிய மிச்சம் இருந்தது; நாளுக்கு ஐந்து மணி நேரம் எரியும் ஒரே பல்பில் இரு மாதத்துக்கு 15 யூனிட். அதனை நம்மில் பெரும்பாலோர் ஏற்கெனவே செய்துவிட்டோம். கட்டணத்தைக் குறைக்க விரும்புகிறவர் 75 வாட் உண்ணும் பழைய மின்விசிறியைப் பார்க்கட்டும். கம்பியில்லா விளக்கு வசதிக்கும் பாதுகாப்புக்கும் உரியது. சிக்கனத்தின் பெயரால் அதனை விற்பது பொருந்தாது.

கம்பெனி மூடினால்?

2022 ஏப்ரல் மாதத்தில் அமெரிக்காவின் இன்ஸ்டியான் என்னும் நிறுவனம் முன்னறிவிப்பு ஏதுமின்றித் தன் கணினிகளை நிறுத்திவிட்டது. அதன் பெட்டியை வாங்கி வீடு முழுதும் அமைத்திருந்தவர்கள் ஒரு நாள் விழித்தெழுந்தபோது கைபேசியில் எதுவும் இயங்கவில்லை. ஜூன் மாதத்தில் அதன் வாடிக்கையாளர் சிலரே கூடி நிறுவனத்தை வாங்கிய பின்னர்தான் மூச்சு வந்தது. ஆயினும் அந்த இரு மாதமும், ஒன்றோடொன்று நேராக இணைக்கப்பட்டிருந்த சுவர்ச் சுவிட்சுகள் மட்டும் தடையின்றி வேலை செய்தன. இதற்கு முன்னரும், 2016 மே மாதத்தில், ரெவால்வ் என்னும் 300 டாலர் பெட்டியை அதனை விலைக்கு வாங்கியிருந்த நிறுவனமே செயலிழக்கச் செய்தது. காசு கொடுத்து வாங்கிய பொருள், விற்றவரின் தயவில் எரிவதா?

மலிவான வைஃபை பல்புகளுள் பலவற்றில், நம் கட்டளை கடல் கடந்து அந்த நிறுவனத்தின் கணினிக்குப் போய்த்தான் தலைக்கு மேலிருக்கும் விளக்கை எரிக்கிறது. வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். கடையிலோ, வாங்கியவர் வீட்டிலோ, ரௌட்டரை அணைக்காமல் அதற்கு வரும் இணையக் கம்பியை மட்டும் பிடுங்கிவிட்டு விளக்கை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். எரிந்தால் அது உங்கள் விளக்கு. கணினியில் ஆர்வமுள்ள கல்லூரிப் பிள்ளை வீட்டில் இருந்தால், 'ஹோம் அசிஸ்டென்ட்' என்னும் இலவச மென்பொருளைச் சிறு கணினி ஒன்றில் ஏற்றி, எல்லாக் கருவிகளையும் வெளியுலகைச் சாராமல் வீட்டுக்குள்ளேயே ஆளச் செய்யலாம். அதற்குப் பொறுமை வேண்டும், எல்லோருக்கும் சொல்லமாட்டேன்.

சாவி யார் கையில்?

நம் குடும்பங்களில் பேசப்படாத, ஆனால் பேசவேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. கணவர் ஷார்ஜாவிலோ ரியாத்திலோ இருப்பார். வீட்டில் மனைவி, பிள்ளைகள், மாமியார். விளக்குகளை அவர்தான் வாங்கி அமைத்துக் கொடுத்தார். கணக்கும் கடவுச்சொல்லும் அவர் கைபேசியில் மட்டுமே இருக்கின்றன. அங்கிருந்து இங்குள்ள விளக்கை எரிக்கவும் அணைக்கவும் அவரால் முடியும். அதற்கு மேலும் ஒன்று: எந்த அறையில் எத்தனை மணிக்கு அசைவு தென்பட்டது, எந்த விளக்கு எத்தனை நேரம் எரிந்தது என்ற பதிவேடு செயலிக்குள் நாள்வாரியாக இருக்கும். "நேற்று இரவு ஒரு மணிக்கு மாடியில் ஏன் விளக்கு எரிந்தது?" என்று அங்கிருந்து ஒரு கேள்வி வந்தால், அன்றே அந்த விளக்கு காவல்காரனாகிவிட்டது. பிறர் மறைவைத் துருவித் துருவி ஆராய்வதை மார்க்கம் விலக்கியிருப்பதை அறிந்தவர்கள் நாம். பாதுகாப்புக்காக வைத்த கருவி வீட்டுப் பெண்ணை வேவு பார்க்கும் கருவியாகிவிடக் கூடாது.

இதற்கு எளிய வழி இருக்கிறது. வீட்டில் வசிப்பவரின் கைபேசியிலேயே முதன்மைக் கணக்கைத் தொடங்கவேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் துணைக் கணக்காகச் சேர்ந்துகொள்ளலாம். படுக்கையறையில் உணரி வைப்பதென்றால் அங்கு உறங்குபவரைக் கேட்டே வைக்கவேண்டும். பதிவேட்டை அணைத்துவைக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடலாம். குளியலறை உணரியை யார் கைபேசியிலும் காட்டாமல் விளக்கோடு மட்டும் இணைத்துவைக்க முடியும். கடவுச்சொல்லில் பிள்ளையின் பெயரையும் பிறந்த ஆண்டையும் வைக்காதீர்கள். வீட்டை விற்கும்போதோ காலி செய்யும்போதோ ஒவ்வொரு கருவியையும் கணக்கிலிருந்து நீக்கிவிட்டே போகவேண்டும். இல்லையேல் பழைய குடித்தனக்காரர் புதியவரின் விளக்கை ஆட்டுவிப்பார்.

குடும்பமே வெளிநாடு போய் வீடு பூட்டிக் கிடக்கும் மாதங்களில் இந்த ஏற்பாடு மிகவும் பயன்படும். கூடத்து விளக்கும் மாடி விளக்கும் நாளுக்கு நாள் சிறிது மாறுபட்ட நேரங்களில் எரிந்து அணைந்தால் வீட்டில் ஆள் இருப்பதாகவே தோன்றும். ஒரே விளக்கு இரவு பகலாக எரிந்துகொண்டிருப்பதுதான் ஆளில்லை என்பதற்கு அடையாளம்.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டாருக்கு ஒரு சொல். அசைவு உணரிகளிலும் சுவரில் ஒட்டும் கம்பியில்லாச் சுவிட்சுகளிலும் நாணயம் போன்ற வட்ட பேட்டரி இருக்கிறது. குழந்தை அதனை விழுங்கி, உணவுக்குழலில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாகிவிடும், உயிருக்கே ஆபத்து. விழுங்கியதாக ஐயம் எழுந்தாலே, இருமல் வருகிறதா, வாந்தி வருகிறதா என்று காத்திராமல் மருத்துவமனைக்கு ஓடவேண்டும். மூடியைத் திருகாணியால் இறுக்கும் வகையையே வாங்குங்கள். தீர்ந்த பேட்டரியையும் குப்பைக்கூடையில் போடாமல் ஒட்டுநாடாவால் சுற்றிப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பேட்டரியே இல்லாத சுவிட்சுகளும் இருக்கின்றன. விரலால் அழுத்தும் விசையிலிருந்தே மின்சாரம் எடுத்து ஒரு செய்தியை அனுப்பிவிடும் அரிய பொருள் அது. கிடைத்தால் அதுவே மேல்.

பல்பை ஹோல்டரில் மாட்டுமுன் செய்யவேண்டிய வேலை ஒன்று பாக்கியிருக்கிறது. மேட்டர் குறியுள்ள ஒவ்வொரு கருவியின் மேலும் 11 இலக்க எண் ஒன்று சதுரக் குறியோடு அச்சிடப்பட்டிருக்கும். மறுபடியும் இணைக்க நேர்ந்தால் அந்த எண் இல்லாமல் முடியாது. ஆனால் பல்பு கூரையில் ஏறிய பின்னர் ஏணி போட்டுத்தான் அதனைப் படிக்கவேண்டும். சுவிட்ச் போர்டுக்குள் போன மாட்யூல் என்றால் எலக்ட்ரீசியனையே அழைக்கவேண்டும். ஆதலால் எந்த அறை, எந்த விளக்கு, என்ன எண் என்று ஒரு தாளில் எழுதி, மின்வாரிய அட்டை இருக்கும் அதே உறையில் வைத்துவிடுங்கள்.